இடுக்கி எந்தக் கட்சி?

“அந்த இடுக்கியக் கீழ வைங்க. இல்லேன்னா கேட்டுக்கு வெளிய போங்க” என்றார் நீலக் கட்சிச் சட்டை போட்ட நைஜல்.

சபீனா தன் கையிலிருந்த இடுக்கியைப் பார்த்தாள். சிவப்புக் கைப்பிடி போட்ட சாதாரண இடுக்கி. அதன் வாயில் ஒரு மாட்டிறைச்சி சாசேஜ். இரண்டும் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்ததாகத் தெரியவில்லை.

“ஏன் சார்?”

“ஏனா? இடுக்கி சிவப்பு, ஏப்ரன் சிவப்பு, மேசை விரிப்பு சிவப்பு. ஓட்டுச்சாவடி வாசல்லயே நின்னு சிவப்புக் கட்சிக்குப் பிரசாரம் பண்றீங்க.”

“இது கட்சி இல்ல சார், கறி. எங்க யூத வீடுகள்ல கறிப் பாத்திரத்துக்குச் சிவப்பு, பால் பாத்திரத்துக்கு நீலம். மாறிடக் கூடாதுன்னு ஒரு அடையாளம். சிவப்பும் நீலமும் ஒண்ணா சேரவே கூடாது.”

“பாத்தீங்களா, இவங்களே ஒத்துக்கறாங்க!” என்று நைஜல் வரிசையில் நின்றவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

தேர்தல் என்னவோ சனிக்கிழமைதான். ஆனால் சனிக்கிழமை சபாத், யூதர்கள் பென்சிலைக்கூடத் தொடக்கூடாத ஓய்வுநாள். ஆகவே மெல்பர்னில், அதுவும் யூதர்கள் நிறைந்த கால்ஃபீல்டில், பாதிப் பேருக்கு முன்கூட்டியே ஓட்டுப் போடுகிற வாரத்தின் கடைசி நாளான வெள்ளிக்கிழமைதான் தேர்தல். அன்றைக்கு விட்டால் விட்டதுதான். ஓட்டுக் கட்டாயமான நாடு, அபராதம் வீடு தேடி வரும். யூதப் பெண்கள் தொண்டர் சங்கத் தலைவி ஃபேனியா ஒரு மாதமாகத் தெருத்தெருவாக இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். “ஓட்டுப் போடாதவளுக்கு அரசாங்கத்தத் திட்ட உரிமை கிடையாது” என்பது அவள் வழக்கமான பிரசங்கம். திட்டாமல் ஒரு நாளும் இருக்க முடியாதவர்கள் நிறைந்த பேட்டை என்பதால் அது நன்றாகவே எடுபட்டது.

சங்கத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. பெண்களைச் சொந்தக் காலில் நிற்கவைப்பது. இந்த வருஷம் நிற்கவைக்கப்பட்டவள் தில்ஸா. விவாகரத்தானவள், இரண்டு குழந்தைகள், நல்ல கைமணம். ஓட்டுச்சாவடி வாசலில் போட்ட இந்தச் சாசேஜ் கடை அவளுடைய முதல் கடை; சங்கத்தின் சார்பில் சபீனாவும் ஃபேனியாவும் கூடமாட நின்றார்கள். உணவு விதிகளைச் சரிபார்க்கும் மதகுரு ரப்பி ஆஷர் மத்தியானத்துக்கு மேல் வருவார். கோஷர்தான், விதிப்படி சுத்தம்தான் என்று அவர் தலையை ஆட்டிவிட்டால், தொழுகைக்கூட மண்டபத்தின் சமையல் மொத்தமும் தில்ஸாவுக்கு. ஆட்டாவிட்டால் மறுபடியும் அக்கா வீட்டு சோபாவில்தான் குடித்தனம்.

“சபீனா, நான் வேணா ஒண்ணு சொல்லட்டுமா?” என்றாள் தில்ஸா.

“நீ அடுப்பப் பாரு. மத்ததச் சங்கம் பாத்துக்கும்.”

சங்கம் பார்த்துக்கொண்டது. சபீனா காரிலிருந்து நீல டேப்பை எடுத்துவந்து இடுக்கி, ஏப்ரன், விரிப்பு எல்லாவற்றிலும் சிவப்புக்குச் சமமாக நீலம் ஒட்டினாள். நைஜல் மனம் குளிர்ந்து ஒரு சாசேஜ் வாங்கினார்.

“வெங்காயம் போடவா? ஓட்டுப் போட்டாச்சா?” என்று ஃபேனியா ஒரே மூச்சில் கேட்டாள். அன்று யாருக்கும் அவள் இந்த இரண்டையும் கேட்காமல் ரொட்டியை நீட்டவில்லை.

அடுத்து நின்ற பெர்ல்மன் அம்மாள் ரொட்டியை வாங்கவில்லை. இடுக்கியையே உற்றுப் பார்த்தாள். “ஐயையோ! பால் இடுக்கி! கறியில பால் இடுக்கியப் போட்டிருக்காளுங்க!”

வரிசை மொத்தமும் பின்வாங்கியது. தில்ஸாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“டேப்தாங்க நீலம். உள்ள சிவப்புதான்!” என்று சபீனா கெஞ்சினாள்.

“உள்ள என்ன இருக்குன்னு கடவுளுக்குத் தெரியும். எனக்கு வெளியதானே தெரியுது?”

சரி, பச்சை. பாலும் இல்லாத, கறியும் இல்லாத பொதுவான பாத்திரத்துக்குப் பச்சைதான் அடையாளம். யாருக்கும் மனக்கஷ்டம் வராது என்று சபீனா நீலத்தின் மேல் பச்சை டேப்பைச் சுற்றினாள். உடனே பச்சைக் கட்சிப் பெண் ஒருத்தி ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்து செல்ஃபி எடுத்துக்கொண்டாள். நீலச் சட்டையும் சிவப்புச் சட்டையும் சேர்ந்தே வந்து சண்டை பிடித்தன. அந்தத் தொகுதியில் இரண்டு கட்சிகளும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

இந்தக் களேபரத்தில் சபீனா திரும்பிப் பார்த்தால் அடுப்படியில் தில்ஸா இல்லை. ஏப்ரன் மட்டும் நாற்காலியில் கிடந்தது.

“எங்கடி அவ?” என்றாள் ஃபேனியா.

“அழுதுகிட்டே வீட்டுக்குப் போயிட்டா போலிருக்கு.”

“சொந்தக் கால்ல நிக்கவைடின்னா, ஓடவச்சுட்டியேடி!”

சபீனா இடுக்கியோடு அடுப்பின் முன்னால் போய் நின்றாள். தானே சாசேஜைப் புரட்டினாள், கருக்கினாள், அதே கையோடு எந்தக் கட்சிக்கும் இல்லாத நிறம் எது என்று யோசித்தாள். ஊதா! ஃபேனியாவின் பையில் பரிசு சுற்றுகிற ஊதா நாடா இருந்தது. இடுக்கி இப்போது கரும்புத் தடிமனுக்கு வந்திருந்தது.

நாடாவைக் கட்டிக் கால் மணி நேரத்துக்குள் தேர்தல் அதிகாரி வெளியே வந்தார். அவர் போட்டிருந்தது ஊதா மேலங்கி. உள்ளே இருந்த ஊழியர்கள் அத்தனை பேருமே ஊதா.

“அம்மா, ஊதா எங்களோடது. ஒரு பெரியவர் உங்ககிட்ட வந்து ஓட்டுச்சீட்டு கேட்டிருக்கார். நீங்க வெங்காயம் போடவான்னு கேட்டிருக்கீங்க. ரொம்பக் குழம்பிட்டார்.”

அந்த நேரம் பார்த்து ரப்பி ஆஷர் வந்து சேர்ந்தார். இடுக்கியைப் பார்த்தார். தாடியைத் தடவினார். “இது என்ன?”

சபீனா இடுக்கியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

“கறி இடுக்கி” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. தில்ஸா! கண்ணில் ஒரு துளி ஈரம் இல்லை. இடுக்கியை வாங்கி ஊதாவை உரித்தாள், பச்சையை உரித்தாள், நீலத்தை உரித்து, சிவப்புக் கைப்பிடியை ரப்பியிடம் காட்டினாள். பிறகு சாசேஜ் சுற்றுகிற வெள்ளைத் தாளில் ஒன்றை எடுத்துக் கைப்பிடியில் சுற்றினாள். ஏப்ரனைத் திருப்பிப் போட்டாள், உள்பக்கம் வெள்ளை. விரிப்பையும் திருப்பினாள். எட்டிப்பார்த்த நைஜல் திரும்பிப் போய்த் தன் நோட்டீஸ்களைக் கொடுக்க ஆரம்பித்தார்.

“இதத்தான் நான் காலையில சொல்ல வந்தேன்” என்றாள்.

ரப்பி கறி எங்கே வாங்கியது என்று கேட்டார், ரொட்டியில் பால் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டார், கடைசியில் ஒரு சாசேஜைத் தின்றும் பார்த்தார். “இது யாரோட கடை?”

ஃபேனியா “சங்க...” என்று ஆரம்பித்தாள்.

“என்னோடது” என்றாள் தில்ஸா.

“அப்ப மண்டபச் சமையலும் உன்னோடதுதான்” என்று ரப்பி தலையை ஆட்டினார். சபீனா அங்கேயே அழுதுவிட்டாள். வெங்காயம் என்று சொல்லிப் பார்த்தாள், யாரும் நம்பவில்லை.

பொழுது சாய்ந்து சபாத் தொடங்குவதற்கு முன்பே, ஆறு மணிக்கு அடுப்பை அணைத்தார்கள். ஃபேனியாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “ஒரே நாள்ல ஒருத்திய சொந்தக் கால்ல நிக்கவச்சோம், ஊரையே ஓட்டுப் போடவச்சோம். சங்கம்னா இதுடி!”

தேர்தல் அதிகாரி சாவிக்கொத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே வந்தார். மிச்சமிருந்த ஒரு சாசேஜை ஃபேனியா அவருக்கு நீட்டினாள்.

“வெங்காயம் போடவா? ஓட்டுப் போட்டாச்சா?”

“நான் திங்கக்கிழமையே போட்டுட்டேன்மா” என்று அவர் ஒரு கடி கடித்தார். “மத்தியானம் இந்தத் தில்ஸாம்மாவும் வந்து வரிசையில நின்னு போட்டுட்டுப் போனாங்க. இப்பதான் கதவப் பூட்டுனேன், காலையிலேருந்து ஒரே யோசனை: நீங்க ரெண்டு பேரும் எப்பம்மா போட்டீங்க?”