தள்ளு, நான் பாக்கறேன்

அழைத்தால் வருபவர், அழைக்காவிட்டால் கட்டாயம் வருபவர், நோயாளி என்ன சொல்கிறார் என்று காது கொடுக்காமலே மருந்து எழுதுபவர் என்று ஒரு வைத்தியர் இனம் இருக்கிறது. குடும்பக் கணினி வைத்தியர். உங்கள் உறவிலும் ஒருவர் இருப்பார். எந்த உறவில்தான் இல்லை?

இந்தக் கதைக்குரியவரை உறவினர்கள் 'சிஸ்டம் மாமா' என்பார்கள். உத்தியோகம் என்னவோ தண்ணீர்க் குழாய்களை மேற்பார்வை செய்வது. எட்டு வருஷத்துக்கு முன்பு மச்சினன் வீட்டில் செத்துக் கிடந்த கணினியின் பிளக்கை அழுத்திச் செருகி அதை எழுப்பிவிட்டார். அன்றிலிருந்து கை நிற்கவில்லை.

அவருடைய அக்கா கல்லூரியில் தாவரவியல் பாடம் எடுப்பவர். பாசிகளைப் பற்றி நான்கு வருஷம் உழைத்து ஒரு புத்தகம் முடித்திருந்தார். இந்தக் கதை நடந்த அன்று மாலை ஐந்து மணிக்குள் பதிப்பகத்துக்கு அனுப்பியாக வேண்டும். பகல் இரண்டு மணிக்குப் பார்த்தால் இணையத்தில் ஒரு பக்கமும் திறக்கவில்லை; திரையில் ஏதோ பிழைச் செய்தி. அத்தான் பதறிப்போய் மைத்துனருக்குப் போன் போட்டார். அக்கா மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் வைத்தியர் நாற்காலியில் இருந்தார்.

"ஏதோ எழுதியிருக்குடா. படிச்சுப் பாரேன்."

"அதெல்லாம் சும்மா பயமுறுத்தும்க்கா. தள்ளு, நான் பாக்கறேன்."

செய்தியை மூடினார். மறுபடி வந்தது. மறுபடி மூடினார்.

பிறகு சடங்குகள் தொடங்கின. கணினியை அணைத்து எழுப்பினார், வயர்களைப் பிடுங்கி வாயால் ஊதிச் செருகினார், மேசையைச் சுவரிலிருந்து இழுத்துப்போட்டு அதன் பின்பக்கம் தலையை நுழைத்து 'ம்... ம்...' என்றார், வீட்டாரிடம் சொல்லத் தகாத ஒன்றைக் கண்டுவிட்ட முகத்தோடு நிமிர்ந்து, "கடைசியா இதை யார் தொட்டது?" என்று அத்தானைப் பார்த்தார். அத்தானோ டிவி ரிமோட்டைக்கூட அனுமதி கேட்டுத் தொடுகிறவர்.

மூன்றரை மணிக்கு நோய் பிடிபட்டது.

"வைரஸ். உள்ள நல்லாப் பரவியிருக்கு. மொத்தத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டாத்தான் சரிப்படும்."

எப்படித் தெரிந்தது? தமக்குப் புரியாத எதுவும் அவருக்கு வைரஸ்தான்.

"என் புஸ்தகம்?"

"அது டி டிரைவ்ல, தனி ரூம்ல இருக்கற மாதிரி பத்திரமா இருக்கும்க்கா. நான் சி-யைத்தான் தொடறேன்."

டி என்று ஒன்று இருக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை. நெஞ்சில் லேசாக உறுத்தத்தான் செய்தது. ஆனால் இப்போது போய்த் தேடினால், தெரியாதவன் என்றல்லவா அக்கா நினைப்பார்? பொத்தானை அழுத்தினார்.

நாலரை மணிக்குக் கணினி குளித்து முழுகிய பிள்ளை மாதிரி பளிச்சென்று எழுந்தது. கூடவே அதே செய்தியும் எழுந்தது. இந்தத் தடவை அக்காவிடம் கண்ணாடி இருந்தது. வாய்விட்டுப் படித்தார்.

"உங்கள் கணினியின் தேதி தவறாக உள்ளது. சரிசெய்யவும்."

திரையின் மூலையில் தேதி பதினோரு வருஷம் பின்னால் நின்றது. உள்ளே தேதியை நினைவில் வைத்திருக்கும் பொட்டு அளவு பேட்டரி ஒன்று தீர்ந்துபோயிருந்தது; தேதி தப்பென்றால் இணையம் உள்ளே விடாது. அவ்வளவுதான். அக்கா தேதியைத் திருத்தினார்; இணையம் திறந்தது. புத்தகம்தான் இல்லை. டி டிரைவ் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

வைத்தியருக்கு 'தப்புப் பண்ணிட்டேன்' என்பது தொண்டை வரை வந்தது. வாய்க்கு வந்தது வேறு.

"நீ ஒரு காப்பி எடுத்து வெச்சிருக்கணும்க்கா."

அக்கா பதிப்பகத்துக்கு மூன்றே வரி எழுதி ஆறு மாதம் அவகாசம் கேட்டார். அலமாரியிலிருந்து பதினான்கு கைக்குறிப்பு நோட்டுகளை இறக்கினார்.

"எந்திரிடா. நான் உக்காரணும். போறப்ப மேசையைச் சுவரோட தள்ளி வெச்சுட்டுப் போ."

தள்ளி வைத்துவிட்டுப் போனார். இரண்டு வாரம் எவர் வீட்டுக்கும் போகவில்லை. மூன்றாவது வாரம் மச்சினி வீட்டில் பிரிண்டர் முனகியது. "இதென்ன, அக்கா வீட்டுல இதைவிடப் பெரிய கேஸு. ஒண்ணுகூட மிச்சமில்லாம தொடச்சு எடுத்தேன்," என்றபடி சட்டைக் கையை மடித்தார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் நடுவில் எங்கேயாவது, 'பேட்டரிதானே, நான் போயிருந்தால் அஞ்சே நிமிஷம்' என்று மனத்துக்குள் ஓடியதா? அப்படியானால் ஒரு உபகாரம் செய்யுங்கள். இன்றைக்கு உறவினர் வீடு எதற்கும் போகாதீர்கள்.