கழுவிப்போட்டுப் போவம்

பாவிக்காமல் பாதுகாப்போர் என்றோர் இனம் நம்மிடையே உண்டு. பொருள் ஒன்று கைக்கு வந்ததும் துடைப்பார்கள், மூடுவார்கள், மூடியதைத் திறந்து மறுபடி துடைப்பார்கள். அந்தப் பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்ற ஒன்றை மட்டும் கேட்கமாட்டார்கள். எல்லா ஊரிலும் வாழ்கிற இனம்தான். இத்தாலியின் பலேர்மோ நகரில் அதன் நன்றாக விளைந்த உருப்படி ஒன்று, ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, கையில் வாளியும் வாளிக்குள் பஞ்சுபோன்ற ஒரு பிரஷுமாக, பிரான்காச்சோப் பக்கம் போகிற பஸ்ஸுக்குக் காத்து நிற்கும். பெயர் இராசரத்தினம். வயது ஐம்பத்தாறு. கிழமை நாட்களில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய எசமானி அம்மாவின், வீட்டைத் துப்புரவு செய்கிறவர். அதில் இருபத்திரண்டு வருட அனுபவம்.

மற்ற நாளெல்லாம் துடைக்கிறவர் ஓய்வு நாளிலும் ஏன் வாளியோடு நிற்கிறார் என்கிறீர்களா? அவரிடம் ஒரு கரவன் இருக்கிறது. வாகனத்துக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகிற சக்கர வீடு. உள்ளே படுக்கலாம், சமைக்கலாம், கடற்கரையில் நிறுத்திவிட்டு உலகத்தை மறக்கலாம். சிஞ்ஞோராவின் கணவர் காலமான பிறகு, "நீயே கொண்டு போ" என்று அந்த அம்மா கொடுத்தது. கொடுத்து மூன்று வருடம். இந்த மூன்று வருடத்தில் அது ஓடிய தூரம், சிஞ்ஞோரா வீட்டிலிருந்து பிரான்காச்சோவில் அது நிற்கிற முற்றம் வரை. அதை இழுக்க இராசரத்தினத்திடம் வாகனம் இல்லை. அதை அவர் ஒரு குறையாகவும் நினைக்கவில்லை. வாகனம் இருந்தால் தெருவில் இறக்க வேண்டி வரும். தெருவில் இறக்கினால் தூசு படும்.

கோடையில் வெயில் பெயின்ரை மங்க வைக்கும் என்று எங்கும் போகவில்லை. ஒக்ரோபர் பிறந்தால் மாரிகாலச் சடங்கு தொடங்கிவிடும். முதலில் கூரை, ஏனென்றால் அழுக்கு மேலிருந்துதான் இறங்கும். பிறகு ஜன்னல்கள், அவற்றைச் சட்டி தேய்க்கிற நாரால் தொடக்கூடாது, அவை கண்ணாடியல்ல, பிளாஸ்ரிக், கீறல் விழும். பிறகு ஜன்னல் ரப்பருக்குக் கீழே வடிந்திருக்கும் கறுப்புக் கோடுகள், அவற்றுக்குத் தனித் திரவம், தனித் துணி, தனி முகபாவம். பிறகு காயவிட்டு, மெழுகு பூசி, காற்றுப் புகக்கூடிய உறையைப் போர்த்தி, நாடா கட்டி, நாலடி தள்ளி நின்று பார்த்து, மனம் ஆறாமல் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டுவது. யாராவது அமுக்கத்தோடு தண்ணீர் பீச்சுகிற குழாயைக் கையில் எடுத்தால் அவர் குறுக்கே போய் நிற்பார்.

"ரப்பருக்குள்ளாலை தண்ணி இறங்கினால் சுவர் உள்ளுக்கை ஊறிப்போம், தம்பி."

தம்பி என்பது வலன்ரைன். அதே முற்றத்தில் வாகனம் திருத்துகிறவர்.

"அண்ணை, என்ரை வானை நான் பத்து வருசமாய் கழுவேல்லை. இன்னும் ஓடுது."

"ஓடாமல்? கழுவிப்போடுவாங்களோ எண்ட பயத்திலை ஓடுது."

"உங்கடை ஓடுமே?"

"நிக்கிற வடிவைப் பார்!"

இராசரத்தினத்துக்கு மனிதர்களோடு பகை கிடையாது. தெற்குக் காற்றோடுதான் பகை. மாரியில் அது சகாராப் புழுதியை அள்ளிவந்து மழையோடு கலந்து பலேர்மோ முழுவதும் தெளிக்கும். ஊரார் காரின் முன்கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போவார்கள். இராசரத்தினம் அதைத் தன் பெயருக்கு வந்த பதிவுத் தபாலாக எடுத்துக்கொள்வார்.

இந்த வருடம் நவம்பரில் அப்படியொரு மழை உறையைச் சிவப்பாக்கிவிட்டது. உறை எதற்கு? அழுக்காவதற்குத்தானே? நீங்கள் அப்படிக் கேட்பீர்கள். அவர் பல்லரோச் சந்தையில் தடித்த பிளாஸ்ரிக் விரிப்பு வாங்கி, உறை அழுக்காகாமல் அதன் மேல் போர்த்தினார். பிளாஸ்ரிக் கிழியாமல் அதன் மேல் தார்ப்பாய்ப் படங்கு ஒன்று. பிறகு ஞாயிறுதோறும் பஸ் ஏறிப்போய்ப் படங்கைக் கழுவினார்.

"படங்குக்கு மேலை என்ரை கூறைச் சீலையைப் போடட்டே?" என்றார் மனைவி சிவமலர்.

இராசரத்தினம் ஒரு கணம் யோசித்ததாகவே தெரிகிறது.

இதற்கிடையில் மகள் சிவானுஜாவுக்கு ஜெனோவாவில் வேலை கிடைத்தது. மார்ச் கடைசிப் புதன்கிழமை கப்பல். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்பா, நான் போக முதல் ஒருக்கா செஃபலூக் கடற்கரைக்கு. கரவனிலை. மூண்டு பேரும். ஒரு நாள் காணும்."

"ஓம் பிள்ளை. கழுவிப்போட்டுப் போவம்."

முதல் ஞாயிறு புழுதிக் காற்று வருமென்று செய்தியில் சொன்னார்கள். இரண்டாம் ஞாயிறு படங்கு ஈரம். ஈரப் படங்கை உருவினால் மெழுகு போய்விடும். மூன்றாம் ஞாயிறு வெயில் எறித்தது; அந்த வெயிலை அவர் நம்பவில்லை. கப்பலுக்கு முன் மிஞ்சியது ஒரே ஞாயிறு.

அன்று வலன்ரைன் கரவனை இழுக்கவென்று தன் வானைக் கொண்டுவந்து கொளுவினார். "அண்ணை, இப்பவே வெளிக்கிட்டால் சரி. நாலரைக்கு நான் துறைமுகத்திலை சாமான் ஏத்தவேணும்." சிவமலர் புட்டும் மீன்பொரியலும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். சிவானுஜா "அந்தியாமோ, அப்பா, வெளிக்கிடுவம்!" என்று கைதட்டினாள்.

படங்கை உருவினார்கள். பிளாஸ்ரிக்கை உருவினார்கள். உறையை உருவினார்கள்.

கரவன் பச்சையாக நின்றது.

காற்றுப் புகும் உறைக்கு மேல் காற்றுப் புகாத பிளாஸ்ரிக். உள்ளே அகப்பட்ட ஈரம் நாலு மாதம் வெளியேற வழியில்லாமல் இருந்து, கூரையிலிருந்து சக்கரம் வரை பாசியாய்ப் படர்ந்துவிட்டது. முற்றத்தில் வெறுமனே நின்றிருந்த மற்ற வாகனங்கள் கொஞ்சம் புழுதியோடு சுகமாக இருந்தன.

"பரவாயில்லை அப்பா, இப்பிடியே போவம்."

"இப்பிடியோ? ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

"செஃபலூவிலை எங்களை ஆருக்குத் தெரியும்?"

"அதுதான் பிள்ளை. தெரியாத ஆக்கள் முதல்தரம் பாக்கேக்கை பச்சையாய் நிக்கக்கூடாது."

சிரிக்காதீர்கள். அழுக்கைக் கண்டவர்கள் அடுத்ததாக யாரைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதை அந்த மனிதர் இருபத்திரண்டு வருடம் பிறர் வீட்டில் நின்று படித்திருக்கிறார். வாளியில் தண்ணீர் பிடித்தார். "ரெண்டு மணித்தியாலம். கூரையும் முன்பக்கமும்தான்."

இரண்டு மணித்தியாலத்தில் கூரை மட்டும்தான் முடிந்தது. சிவமலர் யாரையும் கேட்காமல் கரவனின் கதவைத் திறந்து உள்ளே ஏறினார். மூன்று வருடத்தில் முதல் தடவை. மகளும் ஏறினாள். மேசையை விரித்தார்கள், தேத்தண்ணி வைத்தார்கள், புட்டைப் பிரித்தார்கள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. இராசரத்தினம் வெளியே ஜன்னலுக்கு வந்திருந்தார். ஒரு கறை. தேய்த்தார், போகவில்லை. தனித் திரவத்தை ஊற்றித் தேய்த்தார். அசையவில்லை. குனிந்து உற்றுப் பார்த்தால், சிவானுஜா உள்ளங்கையைப் பிளாஸ்ரிக்கில் அழுத்திக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, கறை உள்ளுக்கை. ஒருக்கா துடை."

"நீங்கள் வந்து துடையுங்கோ."

"காலெல்லாம் சேறு."

"சேறோடை வாங்கோ அப்பா. தேத்தண்ணி ஆறுது."

"இந்தப் பக்கத்தை முடிச்சிட்டு வாறன்."

அந்தப் பக்கம் முடிந்தபோது நாலு மணி. வலன்ரைன் கொளுக்கியைக் கழற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனார். தேத்தண்ணியை சிவமலர் முற்றத்தில் ஊற்றினார். கரவன், உண்மையைச் சொல்லவேண்டும், வெள்ளை வெளேரென்று இருந்தது.

புதன்கிழமை கப்பல் போயிற்று. அதற்கு எந்த உறையும் போட முடியாது.

அடுத்த ஞாயிறு ஒன்பது மணி பஸ்ஸில் வாளி வந்திறங்கியது. எல்லாப் பக்கமும் கழுவினார். ஜன்னலில் ஐந்து விரலும் ஓர் உள்ளங்கையும் அப்படியே இருந்தன. கதவு இரண்டடி தூரத்தில். திறப்புச் சாவி சட்டைப்பையில். அவர் அந்தக் கைத்தடத்தைச் சுற்றி மட்டும் துடைத்தார்.

"அண்ணை, அதை விட்டிட்டீங்கள்," என்றார் வலன்ரைன்.

"அது உள்பக்கம் தம்பி. நான் வெளிப்பக்கம் மட்டும்தான் பாக்கிறது."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுத்தமான சக்கரம் ஒன்றை வெகுநேரம் கழுவினார்.

இவ்வளவும் வாசித்து, "எங்கடை சித்தப்பா அச்சாய் இப்பிடித்தான்" என்று சிரிக்கிறீர்கள். நல்லது. சிரித்து முடிந்ததும் அலுமாரியைத் திறந்து, ஒரு நல்ல நாளுக்கென்று விலைச்சீட்டும் கழற்றாமல் வைத்திருக்கும் சட்டை இன்னும் உங்கள் அளவுதானா என்று போட்டுப் பாருங்கள். போடமாட்டீர்கள். கசங்கிவிடும்.