நம் வீட்டைச் சுற்றுலாப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடச் சொல்

புதுச்சேரி,
செப்டம்பர் 2007

அன்பு மகள் அஸ்ஃபியாவுக்கு அத்தா அன்வருதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இவ்விடம் அனைவரும் சுகம் என்று எழுதுவது முறை. இவ்விடம் அனைவரும் என்றால் நான்தான், நான் சுகம். சமையலுக்கு வரும் சின்னப்பொண்ணும் சுகம்தான், ஆனால் மத்தியானம் பஸ் பிடித்து ஊருக்குப் போய்விடுகிறவளைக் கணக்கில் சேர்ப்பது சரியில்லை. அவ்விடம் நீயும் மாப்பிள்ளை ஃபஹீமும் பிள்ளைகளும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். லீவுக்கு எங்கோ கடல் நடுவில் மலைமேல் கோயில் இருக்கிற ஊரைப் பார்க்கப் போனதாக நீ அனுப்பிய படம் கிடைத்தது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். ஊர் அழகாகத்தான் இருக்கிறது. நம் ஊரிலும் கடல் இருக்கிறது என்பதைச் சும்மா ஒரு தகவலுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், போனில் நான் எது சொன்னாலும் நீ "சரித்தா, சரித்தா" என்கிறாய், பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கிறது. இது பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்கிற விஷயம் இல்லை. உங்கள் பாரிஸில் அச்சடிக்கிற ஒரு சுற்றுலாப் புத்தகத்தில் நம் வீட்டை ஓட்டல் என்று போட்டுவிட்டார்கள். அதை உடனே எடுக்க நீதான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

நடந்தது இதுதான். போன பெருநாளுக்கு நீ பேசியபோது, உன் ஆபீஸ் ஆட்கள் இந்தியா வருகிறார்கள், பாண்டிச்சேரிக்கு வந்தால் நம் வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று சொன்னாய் அல்லவா? நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன், ஒரு வெள்ளைக்காரரும் அவர் சம்சாரமும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, "பொன்ழூர் முசியே" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். பாரிஸிலிருந்தா என்று கேட்டேன். ஆமாம் என்றார்கள். இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? உட்காரச் சொல்லிவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து சஹனை இறக்கினேன். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற அவ்வளவு பெரிய தாம்பாளத்தை ஒற்றை ஆள் என்ன செய்வது, உன் அம்மா மவுத்தானதிலிருந்து அது பரணில்தான் கிடந்தது. வெள்ளிக்கிழமை நெய்ச்சோறு, தால்ச்சா, கறி எல்லாம் சின்னப்பொண்ணு இன்னும் உன் அம்மா காலத்து அளவில்தான் ஆக்குகிறாள். பாய் விரித்து, நடுவில் சஹனை வைத்து, அவர்கள் இரண்டு பேரையும் சம்மணம் போட வைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அந்த மனுஷரின் முழங்கால் மடங்கவே இல்லை. காலை என் பக்கமாக நீட்டி உட்கார்ந்து, கையால் பிசைந்து சாப்பிட்டார். நல்ல துண்டாகப் பார்த்து அவர்கள் பக்கம் தள்ளித் தள்ளி வைத்தேன். "அஸ்ஃபியா எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டேன். வாயில் சோற்றோடு, ரொம்ப நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார்கள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

கை கழுவி முடித்ததும் அவர் பில் கேட்டார். பக்கத்து வீட்டில் கலைவாணன் புதிதாக ஓட்டல் திறந்திருக்கிறானே, அங்கே போக வேண்டியவர்கள் ஒரு கதவு முன்னாலேயே நுழைந்துவிட்டார்கள். நீ அனுப்பவில்லை. உன்னை அவர்களுக்குத் தெரியவே தெரியாது. இதைப் படித்தால் உனக்குச் சிரிப்பு வரும். எனக்கு அன்றைக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர்களிடம் காசு வாங்கும் வழக்கம் நம் குடும்பத்தில் இல்லை என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அந்தம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். போனவர்கள் சும்மா இருந்திருக்கலாம். புத்தகக்காரர்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். பாண்டிச்சேரியில் கடற்கரை, தேவாலயம், மியூசியம் இதெல்லாம் பார்க்க வேண்டியவை, அதற்கு அடுத்து நான்.

அதிலிருந்து வீடு வீடாக இல்லை. தினம் ஒரு கும்பல். ஒருத்தன் கொல்லைப்பக்கம் போய்ச் சின்னப்பொண்ணு மீன் ஆய்வதைக் கேமராவில் எடுக்கிறான். அவள் அரிவாள்மணையைத் தள்ளி வைத்துவிட்டு, "இன்னா பாய், இந்தாளு மீனு ஆயிறத போயி படம் புடிக்கிறான்? அவன் ஊர்ல செதிலோடயா துன்றாங்க?" என்று கத்துகிறாள். இன்னொருத்தி மாடிக்கு ஏறி நான் படுத்திருந்த அறையைத் திறந்து, ஒரு நாளைக்கு வாடகை என்ன என்று கேட்டாள். லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு, "மதாம், இது என் கட்டில்" என்றேன். நல்ல கட்டில் என்று பாராட்டிவிட்டுத்தான் இறங்கினாள். கறி சாப்பிடாத பெண் ஒருத்தி வந்தாள். ஒரே சஹனில் நாலு பேர், அதில் அவளுக்கு மட்டும் எப்படித் தனியாகப் பிரிப்பது? சோற்றிலேயே வரப்புக் கட்டிக் கொடுத்தேன். எதிரில் இருந்தவன் கறி போட்ட தால்ச்சாவை ஊற்று ஊற்று என்று ஊற்றி வரப்பை உடைத்துவிட்டான். அந்தப் பெண் அன்றைக்கு வாழைப்பழம் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனாள், எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. கலைவாணன் வேறு வந்து வாசலில் நின்றுகொண்டு, "பாய், நான் ஏசி போட்டு, மெனு அடிச்சி, ஆளுக்குத் தொப்பி வாங்கிக் குடுத்து உக்காந்துனு இருக்கேன். வர்றவன்லாம் உங்க வூட்லயே பூந்துட்டா நான் இன்னா பண்றது?" என்கிறான். நியாயம்தானே?

வருகிறவர்கள் எல்லாரிடமும் பாரிஸுக்குப் பக்கத்தில் நீங்கள் இருக்கிற ஊர்ப் பெயரைச் சொல்லித் தெரியுமா என்று கேட்பேன். தெரியாது, பாரிஸ் ரொம்பப் பெரிசு என்பார்கள். வயசான அம்மா ஒருத்தி மட்டும், ரயிலில் அந்தப் பக்கம் போயிருக்கிறேன் என்றாள். ஜன்னலில் என்ன தெரியும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, வீடுகள், வீடுகள், பால்கனியில் துணி காயும் என்றாள். அவள் பக்கம் இன்னொரு துண்டு கறி வைத்தேன். துணி காயப்போட உங்களுக்குப் பால்கனி இருக்கிறதா? நீ சொன்னதே இல்லை.

அவர்கள் போன பிறகு வீடு இருக்கிற இருப்பைச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் நான் தனியாகச் சாப்பிட்டபோது அது எனக்குத் தெரியவில்லை, பழகிவிட்டிருந்தது. இப்போது நாலு பேர் பேசிச் சிரித்து எழுந்து போய், சின்னப்பொண்ணும் பஸ்ஸுக்குப் போய்விட்டால், மத்தியானத்திலிருந்து சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கூடத்துக்கும் வாசலுக்கும் நடக்கிறேன். இந்த வயசில் எனக்கு எதற்கு இந்தத் தொந்தரவு? அதனால் நீ அந்தப் புத்தக ஆபீஸுக்குப் போன் செய்து, அது ஓட்டல் இல்லை, என் அத்தா வீடு, அவருக்கு உடம்பு சரியில்லை, நாய் இருக்கிறது, கடிக்கும், எது வேண்டுமானாலும் சொல்லி எடுக்கச் சொல். நாய் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியவா போகிறது.

மாப்பிள்ளைக்கு என் ஸலாம். பிள்ளைகளுக்கு முத்தம், தமிழில் இரண்டு வார்த்தையாவது சொல்லிக்கொடு. குளிர் வருவதற்குள் காதை மூடிக்கொள்ளப் பழகு. அல்லாஹ் உங்கள் எல்லாரையும் நல்லபடி வைப்பானாக.

இப்படிக்கு,
உன் அத்தா
அன்வருதீன்

பின்குறிப்பு: எழுதியதைத் தபாலில் சேர்க்காமல் ஒரு வாரமாக வைத்திருக்கிறேன். கலைவாணன் தெருமுனையில் தொப்பி போட்ட ஆளை நிறுத்திவிட்டான். கையில் அந்தப் புத்தகத்தோடு யார் வந்தாலும் அவன் நேராக ஓட்டலுக்கே கூட்டிப் போய்விடுகிறான். ஒருத்தரும் வரவில்லை. காலையில் சின்னப்பொண்ணு, "இன்னிக்கி எத்தினி பேருக்குப் பாய் ஒல வெக்கிறது?" என்று கேட்டாள். நாலு பேருக்கு என்றேன். அவளும் நாலு பேருக்கே வைத்தாள். சாப்பாட்டு நேரம் தாண்டியதும் அவளே தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இருங்க பாய், நான் அடுத்த பஸ்ஸுக்குப் போறேன்" என்று வாசல்படியில் உட்கார்ந்தாள். அந்தப் பஸ்ஸும் போனது. அதனால் மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு மகளே. புத்தக ஆபீஸுக்குப் போன் செய்ய வேண்டாம். அந்தப் போனை எனக்குச் செய்.