ஒட்டு வேலைச் சூரியன்

அரைகுறையாகக் கற்றவன் கையில் புதுக் கருவி கிடைத்தால் அக்கம்பக்கத்தில் யாருக்காவது கேடு நிச்சயம். எங்கள் வீட்டில் அது அக்காவின் விசாவுக்கு வந்தது.

அத்தான் கனடாவிலிருந்து வந்து அக்காவைக் கட்டியிருந்தார். அவர் அவளை அங்கே கூப்பிட, கலியாணம் உண்மைதான் என்று காட்டப் படங்கள் வேண்டும். கலியாண ஆல்பம் மட்டும் போதாதாம்; சேர்ந்து திரிந்த படங்களும் வேண்டுமாம். நானோ அப்போதுதான் கமராவுக்கு ஒரு ஃப்ளாஷ் வாங்கியிருந்தேன். (இணையத்தில் இரண்டு காணொளி பார்த்திருந்தேன், அதில் ஒன்று பாதி.) விடுவேனா? பொழுதுபடும் நேரம் எல்லோரையும் கொழும்புத்துறை இறங்குதுறைக்கு இழுத்துப்போனேன்.

வானம் பழுத்த கறுத்தக்கொழும்பான் மாம்பழமாய்க் கிடந்தது.

"மச்சான், ஃப்ளாஷிலை ஒரேஞ்சுத் தாள் ஒண்டு ஒட்டினால்தான் உந்த வெயிலோடை சேருமாம்" என்றார் அத்தான்.

"நீங்கள் சிரிச்சாக் காணும் அத்தான். மிச்சத்தை நான் பாக்கிறன்."

எடுத்த படத்தைப் பார்த்தால், பின்னால் வானம் செம்மஞ்சள். முன்னால் இருவர் முகமும் ஆஸ்பத்திரி டியூப்லைட்டுக்குக் கீழே நிற்பதுபோல வெள்ளை. அழிக்கப் போனேன். அம்மாதான் எட்டிப் பார்த்துக் காப்பாற்றினார்.

"பிள்ளை என்ன வெள்ளையாய் விழுந்திருக்கிறாள்! உதையே அனுப்பு."

எங்கள் ஊரில் ஒரு படக்காரனுக்கு இதற்குமேல் என்ன விருது வேண்டும்? உற்சாகத்தில் "இன்னும் ஒண்டு" என்று பின்னால் நகர்ந்தேன். இறங்குதுறை முடிந்திருந்தது. இடுப்பளவு தண்ணீரில் கமராவைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நின்றேன். ஃப்ளாஷ் கழன்று முழுகிவிட்டது.

விசா நேர்முகத்தில் அதிகாரி என் படத்தையே உற்றுப் பார்த்தாராம். இது வெட்டி ஒட்டிய படமா, சூரியன் ஸ்டூடியோத் திரையா என்று கேட்டாராம். விசா போய்விட்டதென்று அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இல்லை, அது என்ரை தம்பி எடுத்தது" என்றிருக்கிறாள். (விளக்கம் அவ்வளவுதான்.)

அம்மா தன் ஃபோனில் எடுத்த படமொன்றை அக்கா தன் ஆசைக்குப் பிரின்ட் போட்டுக் கைப்பையில் வைத்திருந்தாள். வேறு வழியில்லாமல் அதை நீட்டினாள். அதில் தலையில் பாசியோடு நான் தண்ணீருக்குள். கரையில் அக்கா அத்தானின் தோளைப் பிடித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரிக்கிறாள். அத்தான் கண்ணைத் துடைக்கிறார். மூவர் மேலும் ஒரே வெயில். அதிகாரியும் சிரித்துவிட்டாராம். விசா கிடைத்தது.

கனடாவில் அவர்கள் வீட்டுச் சுவரில் இன்று தொங்குவது நான் எடுத்த படமல்ல, நான் விழுந்த படம். இப்போது ஒரேஞ்சுத் தாள் இல்லாமல் நான் படியிறங்குவதில்லை. ஆனாலும் எந்த அந்திப் படத்தை அனுப்பினாலும் அத்தானிடமிருந்து ஒரே பதில்தான்:

"வடிவாய் இருக்கு மச்சான். சூரியன் உண்மையோ?"