பெரியது அவருக்கு

ணிங்.

கண்ணாடிப் பட்டறை உலையின் கதகதப்பில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்ட தெய்ஜிக்கு முதலில் அந்த ஓசைதான் கேட்டது. அடுத்து, டொக். கண்ணைத் திறந்தார். மனைவி ஹருயோ கண்ணாடிக் கோப்பைகளை நகத்தால் சுண்டிக்கொண்டிருந்தாள்.

தெய்ஜி வட ஜப்பானில் ஒத்தாரு துறைமுகக் கிடங்கின் இரவுக் காவலாளி. ஊருக்கு விடியும்போது அவருக்கு அந்தி. வீடு திரும்பியதும் ஒரு கோப்பை சாக்கே, அப்புறம் தூக்கம். அந்த அரிசி மதுவை நினைத்துக்கொண்டேதான் பனி கொட்டும் பத்து மணி நேரத்தையும் ஓட்டுவார். ரத்த அழுத்தம் ஏறியதிலிருந்து, ஒரு நாளைக்கு ஒரே கோப்பை என்று ஹருயோ சட்டம் போட்டிருந்தாள். பழைய கோப்பையோ கட்டைவிரல் உயரம். மூன்று இரவு யோசித்துத் தெய்ஜி சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்தார். எண்ணிக்கைக்குத்தான் தடை, அளவுக்கு இல்லை.

அதனால்தான் இந்தப் பட்டறை. கணவன் மனைவிக் கோப்பை என்று ஜோடியாகத் தருவார்கள். பெரியது அவனுக்கு, சிறியது அவளுக்கு. காலங்காலமான வழக்கம். வழக்கத்தோடு ஹருயோ வழக்காட முடியாது.

"இந்த நீல ஜோடி எப்படி?"

"பெருசு ரொம்பப் பெருசா இருக்குங்க."

"பெருசுன்னா பெருசாத்தான் இருக்கும். நானா வெச்ச வழக்கம்?"

"உங்க உடம்பு?"

"ஒரு கோப்பைன்னுதானே சொன்னே. இது எத்தனை?"

"ஒண்ணு."

"அப்புறம்?"

"ஒண்ணுமில்லை."

கோப்பைகளை ஊதிச் செய்த தோமோயே உலைப்பக்கமிருந்து தலையை நீட்டினாள். "ஐயா, அந்தப் பெருசோட அடிப்பக்கம்..."

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா?" என்றாள் ஹருயோ.

தெய்ஜியின் காதில் எதுவும் விழவில்லை. பெரிய கோப்பையை ஜன்னலுக்கு நேரே பிடித்திருந்தார். அடியில் கருநீலம், மேலே வர வர விடியல். நடுவே சிறு காற்றுக்குமிழ்கள், பனியில் வழி மறந்த படகு விளக்குகள் மாதிரி. இரவெல்லாம் தனியாக வெறித்துப் பார்க்கும் அதே கடல், இங்கே குளிராமல், அவர் உள்ளங்கைக்குள். எத்தனை கனம். அதில் மிதந்தபடியே தூங்கிப்போவது போலிருந்தது.

"எடுத்துக்கலாமா?"

"உங்க ஆசை," என்று ஹருயோ பெருமூச்சு விட்டாள். தெய்ஜி அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை. தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்வது அந்த ஊரில் அழகில்லை. அவள்தான் அவருக்கு ஊற்றினாள். இரண்டு மடக்கு விழுந்திருக்கும், தளும்பியது.

"என்ன, அதுக்குள்ள?"

"நிறைஞ்சிடுச்சுங்க."

விரலை விட்டுப் பார்த்தார். முதல் கணுவிலேயே தரை தட்டியது. அதற்குக் கீழே அந்தக் கடல் மொத்தமும் கண்ணாடி.

"இப்ப எனக்கு ஊத்துங்க."

"நீதான் குடிக்கவே மாட்டியே."

"ஜோடியா வாங்கிட்டு ஒண்ணைச் சும்மா வெச்சா நல்லாவா இருக்கும்?"

சீசாவைச் சாய்த்தார். சின்னக் கோப்பை வெங்காயத் தோல்போல மெல்லிசு. ஊற்றினார், வாங்கிக்கொண்டது. இன்னும் ஊற்றினார், இன்னும் வாங்கிக்கொண்டது. சீசா லேசாகிக்கொண்டே போனது.

"ஹருயோ, இது என்னோடதைவிட..."

"எனக்குத்தான் ரத்த அழுத்தம் இல்லையேங்க."

ஒரு மடக்கு குடித்துவிட்டு, பாதியில் விட்டிருந்த முள்ளங்கியை எடுத்து மறுபடி துருவ ஆரம்பித்தாள்.