பாஸ்டரம்மா இல்லாத காது

"பாஸ்டரம்மாவை என் காதிலேர்ந்து எடு" என்றான் எபோ.

சவுண்டு பார்க்கும் மான்சா டேப்லட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "எவ்வளவு குறைக்கணும் அண்ணே? பாதியா?"

"குறைக்கவா சொன்னேன்? எடுக்கச் சொன்னேன். வேரோட."

வின்னெபாவில் இருந்த அந்தச் சபைக்குப் புதுக் கருவிகள் வந்த முதல் ஞாயிறு அது. அதுவரை மேடையில் தரையோடு கிடந்த ஸ்பீக்கர்களில் எல்லோரும் எல்லாவற்றையும் கேட்டுத் தொலைக்க வேண்டியிருந்தது. இனிமேல் ஆளுக்கு ஒரு ஜோடி இயர்போன், இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி. யார் காதில் எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று சொன்னால், மான்சா அவரவருக்குத் தனித்தனியாகக் கலந்து அனுப்பிவிடுவாள்.

"அவங்கதானே அண்ணே பாட்டை நடத்துறாங்க?" என்றாள் மான்சா. "எந்த வரியைத் திருப்பிப் பாடணும், எங்க நிறுத்தணும்னு அவங்க குரல்லதானே வரும்?"

"எனக்குக் கண்ணு இருக்கு. பாத்துக்கிறேன். எட்டு வருஷமா என் காது பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. எபோ கீபோர்டில் ஒரு சுருதியைக் கொடுத்தால், பாஸ்டரம்மா அதற்குப் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்துகொள்வார். இவன் எழுந்து அந்த வீட்டுக்குப் போனால் அவர் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். பாஸ்டரின் மனைவி என்பதால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எபோ மட்டும் போன வாரம் திறந்துவிட்டான்.

"பாஸ்டர், ஈஸ்டருக்குக் குமாசி கன்வென்ஷன். அத்தனை சபைக்காரனும் வருவான். அங்க போய் என்னால மானம் கெட முடியாது. ஒண்ணு அவங்க, இல்ல நான்."

பாஸ்டர் பாவம், வீட்டுக்கும் போக வேண்டியவர். "வர்ற ஞாயித்துக்கிழமை பிஷப் வர்றார். அவரே கேட்டு முடிவு சொல்லட்டும்" என்று நழுவிவிட்டார்.

அந்தப் பிஷப்தான் இப்போது முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எபோ இயர்போனைப் பாட்டிலுக்குத் தக்கை அடைப்பதுபோல அழுத்திச் செருகினான். உலகம் அடங்கியது. தன் கீபோர்டும் டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் மட்டும் மணிமணியாகக் கேட்டன. பாஸ்டரம்மா மைக்கைப் பிடித்து வாயைத் திறந்தார். ஒன்றுமே கேட்கவில்லை. எபோவுக்குப் புல்லரித்தது.

முதல் சரணம் வரைக்கும் சொர்க்கம். பிறகு பாஸ்டரம்மா பல்லவியைத் திருப்பிப் பாடினார் போலிருக்கிறது. எபோ இரண்டாம் சரணத்துக்குப் போய்விட்டிருந்தான். பேஸ் வாசிக்கும் க்வாமினா முழங்கையால் இடித்தபோதுதான் திரும்பி வந்தான்.

சரி, அவர் உதட்டைப் பார்த்து வாசிப்போம் என்று கழுத்தை நீட்டினான். பாஸ்டரம்மா அதற்குள் சபையின் பக்கம் திரும்பி, எபோவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாட ஆரம்பித்திருந்தார். முதுகைப் பார்த்து எவன் சுருதி பிடிப்பான்? 'வேணும்னே பண்றாங்க' என்று அவனுக்கு மூக்கு விடைத்தது.

டிரம்ஸைப் பிடித்துக்கொள்ளலாம் என்று மான்சாவுக்குச் சைகை காட்டினான். அவள் டிரம்ஸை ஏற்றினாள். அது மண்டைக்குள் இறங்கி நெல் குத்தியது. அதையும் எடுக்கச் சொன்னான். பேஸ் மட்டும் தனியாக நின்று மாடு கத்துவதுபோல இருந்ததால் அதையும் எடுக்கச் சொன்னான்.

மான்சாவிடம் ஒரு மைக் உண்டு. அதில் பேசினால் வாத்தியக்காரர்கள் காதுக்கு மட்டும் போகும். "அண்ணே, அம்மா மெதுவாப் போகச் சொல்றாங்க" என்றாள் அதில்.

எபோ முறைத்தான்.

"அண்ணே, நிறுத்துங்க, இப்ப வாத்தியமே வேணாமாம். அண்ணே, இன்னிக்கு அம்மா எவ்வளவு..."

நேற்று வந்த பொண்ணு எனக்குப் பாடம் எடுக்கிறாளா? எபோ கழுத்தை அறுப்பதுபோல விரலை இழுத்துக் காட்டினான். மான்சா தோளைக் குலுக்கிவிட்டுத் தன்னையும் அவன் காதிலிருந்து எடுத்துவிட்டாள்.

இப்போது அவன் காதில் அவன் மட்டும்தான். எட்டு வருஷத்தில் அவன் இத்தனை அழகாக வாசித்ததே இல்லை. அதை நினைத்து அவனுக்கே கண் கலங்கியது.

ஒரு கட்டத்தில் தலை நிமிர்ந்தால், க்வாமினா எதிரில் நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தான். பாஸ்டரம்மா திரும்பி நின்று, விரலைக் கீழே காட்டி, மேலே காட்டி, கடைசியில் உள்ளங்கையால் 'போதும்' என்றார். டிரம்ஸ்காரன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். பாட்டு எப்போதோ முடிந்திருந்தது.

சபையை அப்போதுதான் எபோ பார்த்தான். வெள்ளை உடுத்தி வந்திருந்த பெண்கள் பாட்டுக்கு ஏற்பக் கைக்குட்டையை ஆட்ட மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் வரிசையில் பிஷப் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

'தாங்க முடியலை மனுஷனால' என்று நினைத்துக்கொண்டான் எபோ. மற்ற மூன்று பாட்டுகளும் அதே மாதிரிதான் போயின. ஒவ்வொன்றின் முடிவிலும் க்வாமினா வந்து கையை ஆட்டினான், சபை கண்ணைத் துடைத்தது. குமாசி மேடையில் பாஸ்டரம்மா இல்லாமல் தான் வாசிக்கப்போவதை எபோ மனதுக்குள் பார்த்துவிட்டான்.

ஆராதனை முடிந்ததும் இயர்போனைப் பிடுங்கிச் சட்டைக் காலரில் தொங்கவிட்டுக்கொண்டு மான்சாவிடம் வந்தான்.

"பாத்தியா? ஊரையே அழ வெச்சிட்டாங்க."

"ஆமாண்ணே. நானும் அழுதுட்டேன்."

"அவ்வளவு மோசமா?"

"மோசமா?" மான்சா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு இடத்துல சுருதி விலகலை அண்ணே. இத்தனை வருஷமா அம்மாவுக்கு உங்க கீபோர்டு கேட்டதே இல்லையாம். அவங்க காலடியில இருந்த ஸ்பீக்கர்ல டிரம்ஸ் மட்டும்தான் இடிச்சிருக்கு. கண்ணை மூடிக்கிட்டு ஒரு குத்துமதிப்பாப் பாடியிருக்காங்க. காலைல என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. 'என் காதுல எபோவை மட்டும் வை, மத்த யாரும் வேணாம்'னாங்க."

எபோவுக்கு எதைச் சொல்லிக் கோபப்படுவது என்று தெரியவில்லை. அதற்காகக் கோபத்தை விட்டுவிட முடியுமா?

"இதை எனக்கு அப்பவே சொல்ல வேண்டாமா?"

"சொன்னேன். நான்தான் உங்க காதுல இல்லையே."

அதற்குள் பாஸ்டர் பிஷப்பை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். பிஷப்பின் கண் இன்னும் சிவந்திருந்தது. அவர் எபோவின் இரண்டு கையையும் பிடித்து, மூச்சுக்காற்று படும் தூரத்தில் நின்று, வாயை அகலத் திறந்து கத்தினார்.

"தம்பீ! கன்வென்ஷன்ல! அம்மா! பாடுறாங்க!"

எபோ ஓர் அடி பின்வாங்கினான். பிஷப் ஓர் அடி முன்னே வந்தார்.

"நீயும்! வர்றே! வேற ஆளைப் போடலாம்னு! நாலு பேர் சொன்னாங்க! நான்! விடலை!"

"வேற ஆளா? எனக்குப் பதிலாவா?" எபோவுக்கு ரத்தம் தலைக்கேறியது. "எட்டு வருஷமா இந்தச் சபையில..."

"எல்லாம் தெரியும்! நீ பேச வேணாம்! சிரமப்படாதே!" பிஷப் அவன் கையைத் தட்டிக்கொடுத்தார். "குமாசி மேடையில! நீ! சாட்சி சொல்லணும்! ஜனங்க பாக்கணும்!"

"என்ன சாட்சி பிஷப்? எதுக்குச் சாட்சி?"

அவன் பாஸ்டரைப் பார்த்தான். பாஸ்டர் தன் ஷூவை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிஷப் எபோவின் காலரில் தொங்கிய இயர்போனை எடுத்து, குழந்தைக்குச் செய்வதுபோல அவன் காதில் பத்திரமாகச் செருகிவிட்டு, அதன் மேலேயே வாயை வைத்துக் கேட்டார்.

"பிறவியிலேயே காது கேக்காதா தம்பி, இல்ல நடுவுல வந்துச்சா?"