ஐந்து நிமிடப் பெட்டி

"இப்ப பத்து நிமிஷம்கூட இல்ல, மாமா. அஞ்சே நிமிஷம். பொட்டுன்னு செத்துப்போகுது."

மைத்துனன் நெனாத் சொன்னதும் ரடோவனுக்குக் கொட்டாவிதான் வந்தது. மாமியார் வீட்டில் தொடர்ந்து மூன்றாவது ஞாயிறு. தூண்டில் காரிலேயே கிடக்க, டான்யூப் நதி அவன் இல்லாமலே ஓடிக்கொண்டிருந்தது.

நோவி சாட் நகரில் பதினெட்டு வருடமாக மின்சாதனம் பழுதுபார்க்கிறவன். காலையில் மனைவி ஸ்னெஷானா முடிவாகச் சொல்லிவிட்டாள்: "என் தம்பியோட கேம் பெட்டியையே சரி பண்ணத் தெரியலன்னா, கடைப் பலகைய இறக்கிடு. தெருவே சிரிக்குது."

முதல் ஞாயிறு, பெட்டிக்குள்ளிருந்த பவர் சப்ளையைக் கழற்றிச் சோதித்தான். எந்தப் பாகத்திலும் உப்பலில்லை, கருகலில்லை. மீட்டரில் பன்னிரண்டு வோல்ட் தவமிருக்கும் சாமியார் மாதிரி அசையாமல் நின்றது. தூசி தட்டி மூடினான்.

இரண்டாம் ஞாயிறு, சூடுதான் காரணமென்று புது பவர் சப்ளையும் பெரிய விசிறியும் மாட்டினான். பத்து நிமிடம் ஐந்தானது அதற்குப் பிறகுதான்.

இன்று மறுபடி பிரித்தான். மாமியார் தெசங்கா காபியை வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.

"ஜூலை மாசம் வேகுது. எதுக்கு அத்தை சாத்துறீங்க?"

"ஜன்னல் வழியா ஊடால அடிக்கிற காத்து ஆகாது, மாப்பிள்ளை. கழுத்து பிடிச்சுக்கும்."

அவன் வாதாடவில்லை. காற்று பட்டாலே நோய் என்று நம்பும் அந்த ஊரில் இந்த வழக்கில் ஜெயித்த மருமகன் எவனும் இல்லை.

சோபாவின் ஓரத்தில், நெனாத்தின் இடுப்புக்குப் பக்கத்து முக்காலியில் பெட்டியை வைத்து ஓட்டினான். ஒரு மணி நேரம் சிணுங்காமல் ஓடியது.

"நான் இருந்தா ஓடுது. போனா சாகுது."

"உங்க மேல பாசம் போல. இங்கேயே தங்கிடுங்க மாமா!" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆட்டத்தில் மூழ்கினான் நெனாத்.

ரடோவன் நான்கு மாடி இறங்கிக் கார் கதவைத் திறந்தான். மேலே பால்கனியிலிருந்து நெனாத்தின் அலறல்.

"மாமா! செத்துப்போச்சு!"

நான்கு மாடி ஏறினான். கருவிப் பையைத் தரையில் போட்டு, அதன் பக்கத்திலேயே தானும் உட்கார்ந்தான்.

"தோத்துட்டேன். நாளைக்கே பலகைய இறக்கிடறேன்."

"பலகை கெடக்கட்டும், மாப்பிள்ளை," என்றாள் தெசங்கா, விரல்களை ஊதியபடி. "முதல்ல அந்தப் பெரிய விசிறியைக் கழட்டுங்க. பெட்டிக்குப் பின்னாடியிருந்து புள்ளை இடுப்புல காத்து அடிச்சுத் தள்ளுது. முன்னெல்லாம் அந்த ஓட்டையில ஒரு கம்பளிக் காலுறை திணிச்சாப் போதும். இப்ப மூணு வேண்டியிருக்கு. நீங்க படியேறி வர்றதுக்குள்ள உருவி எடுக்கிறதுல, பாருங்க, என் கையே வெந்துபோச்சு!"